இடப்பக்கம் திரும்பாத விமானம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்ப்பேன். பல்லோடு நிறுத்துவேனா? குளம்பு, வால், காது எல்லாவற்றையும் பார்த்து, பார்த்ததை வீடியோவாகவும் போட்டுவிடுவேன். என் மாடுகள் விமானங்கள். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுவதற்கு சிமுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. அதில் சேர்த்துக்கொள்ள யார் யாரோ வீட்டில் உட்கார்ந்து விமானங்களைச் செய்து இணையத்தில் வைக்கிறார்கள். சிலது விலைக்கு, சிலது இலவசம். இலவசத்தை இறக்கி, ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டதைத் தமிழில் சொல்வதுதான் சில வருடங்களாக என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

மற்ற நாட்களில் வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் உதவியாளர். வருகிற மனுக்களில் என்ன விட்டுப்போயிருக்கிறது என்று தேடி, "கீழ்க்கண்ட குறைபாடுகளை நிவர்த்தி செய்து மீள அனுப்பவும்" என்று எழுதித் திருப்புவது என் பிழைப்பு. இருபது வருடத்துக்கு மேல் இதையே செய்தவளுக்குக் கண்ணில் குறைதான் முதலில் படும். கல்யாணத்தில் இலை போட்டதும் எல்லாரும் பாயசம் எப்போது வரும் என்று பார்ப்பார்கள். நான் இலை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பேன். பிறவிக் குணம், என்ன செய்ய.

கம்ப்யூட்டரும், விமானத்தைத் திருப்புகிற ஜாய்ஸ்டிக் கைப்பிடியும் மகளுடையவை. அவள் பெங்களூருக்கு வேலைக்குப் போனபோது, சும்மா கிடக்கிறதே என்று ஒரு நாள் தொட்டேன். விட முடியவில்லை. நிஜ விமானத்தில் நான் ஏறியது ஒரே முறை, அதுவும் நடு சீட்டில். இங்கே ஓட்டுநர் சீட்டு, கேட்பார் இல்லை. வீடியோ போடக் கற்றுக்கொடுத்தவளும் மகள்தான். பார்க்கிறவர்கள் அதிகமில்லை, ஆனால் பார்க்கிறவர்கள் "அக்கா இன்னிக்கு யாரைக் கிழிக்கப் போறீங்க" என்று காத்திருந்து பார்க்கிறவர்கள்.

எல்லா விமானத்துக்கும் நான் ஒரே சோதனைதான் வைப்பேன். புதுச்சேரி ஓடுபாதையில் கிளம்பி, மேற்கே நேராக வந்து, நம் மலையை ஒரு சுற்று சுற்றுவது. இது என் கண்டுபிடிப்பு இல்லை, என் வீட்டுக்காரருடையது. ஊருக்குள் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பௌர்ணமி தவறாமல் கிரிவலம் போகிறவர். நான் முதல் விமானத்தை ஓட்டிய அன்று பின்னால் நின்று பார்த்தார். திரையில் மலை தெரிந்ததும், இவ்வளவு தூரம் வந்துவிட்டு சுற்றாமல் போவாயா என்று கேட்டார். சுற்றினேன். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

கிரிவலம் என்றால் மலை வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். நடந்தாலும் சரி, பறந்தாலும் சரி. கிழக்கே ராஜகோபுரத்துக்கு நேராக வந்து, தெற்கே அக்னி லிங்கம், எம லிங்கம் என்று வலப்பக்கமாகவே திரும்பிக்கொண்டு போய், ஈசான்யம் தாண்டி மறுபடி கோபுரத்துக்கு வந்தால் ஒரு சுற்று. ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் நான் மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். சுற்று முடிந்ததும் வீட்டுக்காரர் பின்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார், நான் நிறுத்தும் பொத்தானை அழுத்துவேன், சோதனை முடிந்தது. இறங்குவதெல்லாம் கிடையாது. சாமி கும்பிட்டாயிற்று, அப்புறம் என்ன வேலை?

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு பழைய பயணிகள் விமானம் வந்தது. இரண்டு விசிறி, பளபளக்கும் அலுமினிய உடம்பு, தரையில் நிற்கும்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நம் தாத்தா காலத்தில் பறந்த வகை. இலவசம். செய்தவர் ஒரே ஆள். விமானத்தை வைத்திருந்த இணையப் பக்கத்தில் அவரே எழுதியிருந்தார்: குளிர்நாடு ஒன்றில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார், மாலையில் வீட்டுக்கு வந்தபின் நாலு வருடம் உட்கார்ந்து இதைச் செய்தார்.

அழகு என்றால் அப்படியொரு அழகு. இருக்கைத் துணியில் தையல் தெரிந்தது. எஞ்சின் கிளம்பும்போது இருமிப் புகை கக்கியது. ஜன்னல் ஓரத்தில் பெயிண்ட் உரிந்த இடத்தைக்கூட விடாமல் வரைந்திருந்தார். எனக்குப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனால் எனக்குப் பதற்றம் வந்துவிடும், எங்கேயோ எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்று. நாற்பது பக்கத்துக்கு ஒரு கையேடும் கூடவே வந்திருந்தது. இலவச விமானத்துக்கு யாராவது கையேடு படிப்பார்களா? திறக்கவே இல்லை.

குறை கிரிவலத்தில் கிடைத்தது. விமானி முன்னால் ஒரு வட்டக் கருவி இருக்கும், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. மேகத்துக்குள் போய் வெளியே ஒன்றும் தெரியாதபோது, விமானம் சமமாக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சுற்றை முடித்து, விமானத்தைச் சமமாக நிமிர்த்தினேன். ஜன்னலுக்கு வெளியே பூமி சமமாகத்தான் இருந்தது. கருவி மட்டும் விமானம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சாதித்தது. இன்னொரு முறை புதுச்சேரியிலிருந்து வந்தேன். மூன்றாம் முறையும் வந்தேன். மூன்று முறையும் சுற்றை முடிக்கும்போது இடப்பக்கம்.

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைத்து என்ன பயன்? புளியோதரையில் கல் கிடைத்தால் கோபம் வரும், மனுவில் கல் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம் வரும். அன்றே வீடியோ போட்டேன். "நாலு வருஷம் செஞ்சாராம். நாலு வருஷத்துல ஒரு கோட்ட நேரா வெக்கத் தெரியல" என்றேன். அதோடு விட்டேனா? விமானத்தை இறக்கிக்கொள்ளும் இணையப் பக்கத்திலேயே போய், குறைபாடு ஒன்று, கருவி கோணல், எப்போதும் இடப்பக்கம் சாய்கிறது, மூன்று முறை சரிபார்க்கப்பட்டது என்று ஆங்கிலத்திலும் எழுதினேன். அந்த நாலு வருடத்து வாக்கியத்தையும் விடாமல் மொழிபெயர்த்துச் சேர்த்தேன். மலை, கிரிவலம் எல்லாம் அந்த மனிதருக்கு எதற்கு என்று அதை மட்டும் எழுதவில்லை.

வீடியோவுக்கு அதுவரை வராத பாராட்டு வந்தது. அக்கா கிழிச்சுத் தொங்கவிட்டாங்க என்று ஒரே கும்மாளம். திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நான் தரையில் நடக்கவில்லை.

வியாழக்கிழமை அவரிடமிருந்து கடிதம் வந்தது. சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். மனிதர் நன்றி சொல்லி ஆரம்பித்திருந்தார். இந்த விமானத்தில் தான் அதிகம் பாடுபட்டதே அந்தக் கருவிக்குத்தான் என்றும், தன் கம்ப்யூட்டரில் எப்போதும் இடப்பக்கமே என்கிற அந்தக் கோணல் வரவில்லை, எவ்வளவு தேடியும் காரணம் புரியவில்லை என்றும் எழுதியிருந்தார். ஓர் உதவி கேட்டார். இடப்பக்கமாக நெடுநேரம் திரும்பிப் பார்த்து, அப்போது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல முடியுமா? அப்போதும் இடப்பக்கமே சாய்ந்தால் தான் செய்தது அடியோடு தவறு, திருத்தத் தனக்குத் தெரியாது, ஞாயிற்றுக்கிழமை விமானத்தை எடுத்துவிடுகிறேன் என்றார். கெட்டுப்போன பொருளை இலவசமாகக் கொடுக்கவும் தனக்கு மனசு வராது என்று முடித்திருந்தார்.

சோதித்துச் சொல்கிறேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு உட்கார்ந்தேன். நாலு வருடத்து மாலைப்பொழுதுகள் என் கைப்பிடியில் தொங்கின. இடப்பக்கம் ஒரு சுற்று, ஐந்து நிமிட வேலை. விமானத்தைக் கிளப்பிக்கொண்டு மலை வரைக்கும் வந்தேன். ராஜகோபுரத்துக்கு நேராக வந்ததும் கை நின்றுவிட்டது. மலையை இடக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுவதா? அப்பிரதட்சிணமா? பிறந்ததிலிருந்து செய்யாத காரியம். படம்தானே, பொம்மைதானே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொம்மை என்றால் இத்தனை நாள் எதற்காகச் செருப்பைக் கழற்றினாய் என்று உள்ளேயிருந்து ஒரு கேள்வி வந்தது. பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டேன்.

வெள்ளிக்கிழமையும் அப்படியே. அலுவலகத்தில் ஒரு மனுவைத் தவறான பிரிவுக்கு அனுப்பினேன். என் சரித்திரத்தில் கிடையாது.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் கடையிலிருந்து வந்து, உப்புமாவைத் தின்றுகொண்டே, ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தட்டை வைத்துவிட்டு ஒரு மெக்கானிக்காக யோசித்தார்.

"ஒரு பக்கம் சுத்துனா சாயுதுன்ற. இன்னொரு பக்கம் சுத்திப் பாக்காமயா இம்மாம் பேச்சு பேசன? மோட்டாருன்னா ரெண்டு ஒயர மாத்திப் போட்டு ரெண்டு பக்கமும் சுத்தவுட்டுப் பாக்காம நான் யாருக்காவது குடுத்திருக்கறனா?"

மலையை எப்படி இடப்பக்கமாகச் சுற்றுவது என்று கேட்டேன். அவர் சட்டென்று பக்தராகிவிட்டார். கூடாது, கூடவே கூடாது, இந்த வீட்டில் உட்கார்ந்து அந்தக் காரியம் நடக்காது என்றார். அப்படியானால் அந்த மனிதருக்கு என்ன பதில் சொல்வது என்றேன். அவர் என்னை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"ஏம்மா, உலகத்துல சுத்தறதுக்கு வேற எடமே இல்லியா? கீழ்பென்னாத்தூர்ல போய் சுத்து. உங்கம்மா வூட்ட எந்தப் பக்கம் சுத்துனா இன்னா, ஒண்ணும் ஆவாது."

எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மூன்று நாள்! மூன்று நாளாக என் மூளைக்கு அது தோன்றவே இல்லை. சோதனை என்றால் மலை, மலை என்றால் வலம். அதற்கு வெளியே ஆகாயம் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அம்மா வீட்டைச் சொன்னதற்குச் சண்டை போடக்கூட எனக்குத் தெம்பில்லை.

ஞாயிறு காலை காபி குடித்த கையோடு உட்கார்ந்தேன். அவரும் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கீழ்பென்னாத்தூர் ஏரிக்கு மேலே வந்ததும் இடப்பக்கம் சாய்த்தேன். நெல்லும் மணிலாக்கொட்டையும் விளைகிற ஊர், திரையில் வெறும் பச்சைத் திட்டு. கைப்பிடி இடப்பக்கம் போனதே எனக்கு விசித்திரமாக இருந்தது, இடக்கையால் சாப்பிடுவதுபோல. ஐந்து நிமிடம் சுற்றி, சமமாக நிமிர்த்தினேன். கோடு இந்த முறை வலப்பக்கம் சாய்ந்ததாகக் காட்டியது.

பழக்கதோஷத்தில் நிறுத்தும் பொத்தானுக்குக் கை போயிற்று. அவர் தடுத்தார். இங்கே கும்பிடுவதற்கு என்ன இருக்கிறது, ஓடட்டும், பார்க்கலாம் என்றார். நேராகப் பறந்துகொண்டே இருந்தோம். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். கோடு கொஞ்சம் கொஞ்சமாக, யாரும் தொடாமல், தானே நிமிர்ந்து சமமாகி நின்றது.

அப்போதுதான் கையேட்டைத் திறந்தேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு பத்தி, கட்டம் கட்டி. அந்தக் காலத்துக் கருவிக்குள் ஒரு பம்பரம் சுழலும். விமானம் நெடுநேரம் ஒரே பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் அந்தப் பம்பரம் ஏமாந்துபோய், சாய்வையே சமம் என்று கொள்ளத் தொடங்கும். பிறகு நேராகப் பறந்தால் சில நிமிடத்தில் தெளியும். நிஜ விமானங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தது, ஆகவே இதிலும் அப்படியே செய்திருக்கிறேன் என்று எழுதியிருந்தார். வலம் சுற்றினால் இடம் சாயும், இடம் சுற்றினால் வலம் சாயும். அந்த மனிதர் கோட்டை நேராக வைக்கத் தெரியாதவர் இல்லை. எப்போது எவ்வளவு கோணலாக வேண்டும் என்று கணக்குப் போட்டு வைத்தவர்.

வீட்டுக்காரர் பின்னாலிருந்து மெதுவாகச் சொன்னார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம் வந்தது. கன்னம், காது, கழுத்து வரைக்கும் சுட்டது. விமானம் செய்தவருக்கு உடனே எழுத வேண்டும் என்று அந்த இணையப் பக்கத்தைத் திறந்தேன். பக்கம் இல்லை. அவர் ஊரில் இன்னும் விடிந்தே இருக்காது. விடிவதற்குள் எடுத்துவிட்டார். நான் சோதனை முடிவைச் சொல்லாமல் இருந்த மூன்று நாளை அவர் பதிலாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருட வேலையில் எத்தனையோ மனுக்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், திரும்பப் போனவர்கள் வீட்டில் என்ன ஆனார்கள் என்று ஒரு நாளும் யோசித்தவள் இல்லை. அன்று யோசித்தேன்.

கடிதம் எழுதினேன். மலையைப் பற்றி முதல்முறையாக எழுதினேன். எங்கள் ஊரில் ஒரு மலை உண்டு, அதை வலக்கைப் பக்கம் வைத்துத்தான் சுற்றுவோம், எந்த விமானம் வந்தாலும் அதைத்தான் முதலில் சுற்றச் சொல்வேன், சுற்றியதும் நிறுத்திவிடுவேன், அதனால்தான் உங்கள் கருவி தெளிவதை நான் பார்க்கவில்லை என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். கையேட்டைப் படிக்கவில்லை என்பதையும் எழுதினேன். அந்த வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது. நீங்கள் செய்தது சரி, நான் சொன்னது தப்பு, தயவுசெய்து விமானத்தைத் திரும்ப வையுங்கள் என்று முடித்தேன்.

பிறகு மன்னிப்பு வீடியோ. இரண்டு சுற்றையும் காட்டினேன், மலையைச் சுற்றியதையும் அம்மா வீட்டைச் சுற்றியதையும். மூக்குடைபட்டதைச் சொல்ல நான் யாருக்கு பயப்பட வேண்டும்? அக்காவே வாங்கிக் கட்டிக்கிட்டாங்களா என்று சிலர் கும்மியடித்தார்கள். அடிக்கட்டும். அம்மா மட்டும் போன் செய்து, தன் வீட்டை எதற்காக இடப்பக்கமாகச் சுற்றினேன் என்று கேட்டாள். மாப்பிள்ளையைக் கேள் என்று போனைக் கொடுத்துவிட்டேன். அவர் அரைமணி நேரம் சமாளித்தார், எனக்கு அன்றைக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

திங்கள் பதில் இல்லை. செவ்வாய் மதியம் அலுவலகத்தில் தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபோது வந்திருந்தது. விமானம் திரும்ப வந்துவிட்டது என்பதுதான் முதல் வரி. எனக்கு மூச்சு வந்தது.

விமானத்தை வெளியிட்ட நாளிலிருந்து பலர் எழுதினார்களாம். பெயிண்ட் அழகு என்றார்கள், புகை அழகு என்றார்கள், இருக்கைத் தையல் அழகு என்றார்கள். அவர் ஒவ்வொரு கடிதத்தையும் திறக்கும்போது அந்தக் கருவியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பாராம். நாலு வருடத்தில் ஒன்றரை வருடம் அதற்கே போயிற்றாம். ஒருவரும் எழுதவில்லை. இவ்வளவு நேரம் ஒரே பக்கம் யார் திரும்பப்போகிறார்கள், வீண் வேலை செய்துவிட்டோம் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாராம். மலையைப் பற்றிய பத்தியைத் தன் மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியதாகவும், இருவரும் ஞாயிறு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்ததாகவும் எழுதியிருந்தார்.

அவரைத் திட்டிய அந்த முதல் வீடியோவை எடுத்துவிடுவதாகவும் நான் கடிதத்தில் சொல்லியிருந்தேன். அதற்குக் கடைசியில் பதில் எழுதியிருந்தார். வேண்டாம், அது அங்கேயே இருக்கட்டும், நான் செய்த அந்தக் கருவியை ஒருவர் உட்கார்ந்து பார்த்ததற்கு அது ஒன்றுதான் எனக்குச் சாட்சி.

தயிர்சாதம் அப்படியே இருந்தது. பக்கத்து மேஜைக்காரி என்ன ஆச்சு என்று கேட்டாள், கையைக் காட்டி உட்காரச் சொன்னேன். வீடியோவை எடுக்கவில்லை. இன்றும் இருக்கிறது, நான் அந்த மனிதரைத் திட்டுகிற திட்டு ஒன்றுகூடக் குறையாமல்.